கடலுக்கு மேலே பிறை

என் மருமகன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பல வருஷமாகிறது. போன வருஷம் வரைக்கும் நான் அவரோடு நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்தது கிடையாது. கோபதாபம் ஒன்றுமில்லை. தங்கமான மனிதர். மருதமுனையில் பிறந்தவர், கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறார். மாமி மருமகனுக்கு முன்னால் வந்து வாய்விட்டுக் கதைப்பது எங்கள் பக்கத்தில் வெட்கம், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் பலர் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. நான் சின்ன வயதிலேயே ஆள் கண்டால் ஒளிகிறவள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவரிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். மகள் அவரிடம் சொல்வாள். அவர் இருக்கும் ஹோலுக்கும் நான் இருக்கும் குசினிக்கும் இடையில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. அந்தச் சீலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதிரையைப் போட்டுக்கொண்டு உள்ளி உரிப்பேன், கீரை ஆய்வேன். அங்கே இருந்துதான் அவர் டீவியில் விளையாடும் அந்த கேமைப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் அது எனக்கு வெறும் சத்தம். பிறகுதான் கதை பிடிபட்டது. ஒரு ஆள் படகில் தன்னந்தனியாக ஒரு தீவுக்கு வருகிறான். காணாமல் போன தம்பியைத் தேடுகிறான். தீவில் மனிதர் யாருமில்லை. வீடுகள் இருக்கின்றன, சட்டி பானை இருக்கிறது, காயப்போட்ட உடுப்புக்கூடக் கொடியில் ஆடுகிறது. ஆளைத்தான் காணோம். அவன் ஒவ்வொரு வீடாக நுழைந்து பார்ப்பான். எனக்குக் கையில் இருந்த கீரை கையிலேயே இருக்கும்.

தீவின் கடைசியில் ஒரு மலை. மலைக்குள் ஒரு குகை. குகையைத் தாண்டினால் கடற்கரையும் ஒரு வெளிச்சவீடும். அந்தக் கரைக்கு இரவுமில்லை, பகலுமில்லை. எப்போது போனாலும் வானம் சிவந்தே இருக்கும், கடலுக்கு மேலே மெல்லிய பிறை ஒன்று நிற்கும். சூரியனைக் காட்டமாட்டார்கள். வெளிச்சவீட்டுக்கு ஒரு கதவு. அந்தக் கதவை உலகத்தில் யாரும் இன்னும் திறந்ததில்லை என்று மருமகன் போனில் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கும்.

அந்த கேமைச் செய்தவர்கள் அதற்குள் ஏதோ ஒரு செய்தியை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். இவர்கள் முன்பு செய்த ஒன்றிலும் அப்படித்தானாம், அதைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு வருஷக்கணக்கானதாம். இதை நம்புகிறவர்கள் ஊருக்கு ஊர் குரூப் வைத்திருக்கிறார்கள். மருமகனும் ஒரு தமிழ் குரூப்பில் இருந்தார். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, மட்டக்களப்பு ஆட்கள்தான் அதில் கூட. பாண்டிருப்பில் ஒரு தம்பி, கட்டாரில் சிலர், புத்தளத்தில் ஒருவர். வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகக் கதைப்பார்கள். சத்தம் டீவியில் வரும். கொடியில் காயும் உடுப்பின் நிறங்களைச் சேர்த்தால் ஒரு சொல் வருகிறது என்பார் ஒருவர். அலைச் சத்தத்தைத் திருப்பிப் போட்டால் பிள்ளை அழுவது கேட்கிறது என்பார் இன்னொருவர். கிணற்றடியில் ஒரு வாளி கிடக்கிறது, அதால் ஒரு வேலையும் ஆகாது, அப்படியானால் அதை ஏன் வைத்தார்கள் என்று ஒரு முழு வெள்ளிக்கிழமை சண்டை போட்டார்கள்.

"உங்கட மருமகனுக்கு ஜின் புடிச்சிரிக்கி உம்மா," என்பாள் மகள்.

எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. ஒன்றைச் சொல்லாமல் சொல்வதும், அதைப் பிடித்தெடுப்பதும் எங்களுக்குப் புதிதா? எங்கள் காலத்தில் வயலுக்குள் ஒருவன் குருவியைப் பற்றிக் கவி படித்தால் அது குருவியைப் பற்றியதல்ல என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரை நினைத்துப் படித்தான் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் பெண்களுக்கு நித்திரை வராது. எனக்கும் அந்தக் கதவு அப்படி ஆகிவிட்டது. தொழுதுவிட்டு முஸல்லாவை மடிக்கும்போதுகூட அந்தக் கதவு நினைவில் வரும். அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொள்வேன்.

வெளிச்சவீட்டுக்குப் போகிற கல்லுப் பாதையின் இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. அந்தக் கரைக்கு அந்திக்கரை என்று குரூப்பில் பேர் வைத்திருந்தார்கள். அந்தி என்றால் விளக்குக் கொளுத்த வேண்டும், எல்லா விளக்கும் எரிந்தால் கதவு திறக்கும். இதுதான் குரூப்பின் பெரிய நம்பிக்கை. ஆனால் விளக்குக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடிக் கொண்டுவந்து ஒவ்வொரு விளக்காகக் கொளுத்த மருமகனுக்கு நோன்புப் பெருநாளில் இருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் சென்றது. கடைசி விளக்கு எரிந்த அன்று நான் சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை முழுக்க ஜெகஜோதி. அவன் போய்க் கதவைத் தட்டினான். திறக்கவில்லை.

மருமகன் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். அப்போதுதான் நான் அந்தப் பிறையை உற்றுப் பார்த்தேன். அந்திப் பிறை எப்படிக் கடலுக்கு மேலே வரும்?

எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. நோன்புப் பிறை பார்க்க மேல்மாடிக்கு ஏறினால் நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்போம். பள்ளி மினாராவைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, வயல் பக்கம் பார்ப்போம். பிறை அங்கேதான். கடலுக்கு மேலே பிறை நிற்பது மாதக் கடைசியில். சுபஹுக்கு முன்னால் வாசல் கூட்டக் கதவைத் திறந்தால், தேய்ந்து நூலாகிப்போன பழைய பிறை கடலுக்கு மேலே நிற்கும், கீழே வானம் சிவந்துகொண்டு வரும். அதை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

அப்படியானால் அது அந்தியில்லை. விடியல். விடியலில் யார் விளக்குக் கொளுத்துவார்கள்? அணைக்கத்தானே வேண்டும்?

மகள் பக்கத்தில் மெஷினில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, அது அந்தி இல்ல எண்டு சொல்லு."

"உம்மா சொல்றா அது அந்தி இல்லயாம்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"என்னத்துக்காம்?"

"என்னத்துக்காம் எண்டு கேக்காரு."

"பிறை கடலுக்கு மேல நிக்கிது. அந்திப்பிறை கடல் பக்கமா வாறது? வயல் பக்கமெல்லா வரும்."

"பிறை வயலுக்க நிக்கணுமாம்."

"அப்பிடியில்ல புள்ள," என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன். மகள் மெஷினை நிறுத்தினாள்.

"சீல ஒண்டுதான் நடுவுல இரிக்கி. அவர் சொல்றது உங்களுக்குக் கேக்குது, நீங்க சொல்றது அவருக்குக் கேக்குது. நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்காரியா?"

அந்தத் தபாலுக்குத் தேவையே இருக்கவில்லை. மருமகன் எழும்பி டீவிக்குக் கிட்டப் போய் நின்று பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலைத் திறந்து கடல் பக்கம் ஒருக்கால் பார்த்தார். வயல் பக்கம் ஒருக்கால் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினார். எழுதுவதற்கு முன் மகளிடம் கேட்டனுப்பினார், மாமியின் பேரைப் போடட்டா என்று. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்நிய ஆண்கள் நூறு பேர் இருக்கிற இடத்தில் என் பேர் எதற்கு? பேரும் வேண்டாம், மாமி என்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தன் பேரில் எழுதினார்.

அந்தக் கிழமையைப் போல ஒரு கிழமை எனக்கு வந்ததில்லை. போன் ஓயாமல் கிணுகிணுத்தது. அக்கரைப்பற்று ஆள் தன் உம்மாவிடம் கேட்டாராம், அவரும் கடலுக்கு மேலே அந்திப் பிறை கிடையாது என்று சொன்னாராம். காத்தான்குடி ஆள் வாவிப் பக்கத்தையும் கடல் பக்கத்தையும் படமாகக் கீறிப் போட்டார். பாண்டிருப்புத் தம்பி தன் அம்மாவிடம் கேட்டு எழுதினார், மூன்றாம் பிறை கும்பிடுவதும் வயல் பக்கம் பார்த்துத்தானாம். இத்தனை நாளும் நாம் கண்ணை வைத்துக்கொண்டு குருடராக இருந்தோமே என்று எல்லாருக்கும் ஆச்சரியம். யாரோ அதை இங்கிலீஸில் எழுதி வெளிநாட்டு ஆட்களுக்கும் அனுப்பினார்கள். வாளியின் வேலையும் பிடிபட்டது. கடலில் தண்ணி மொண்டு விளக்கை அணைக்கத்தான் அந்த வாளி. வேறு எதற்கு?

நான் குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டு தன்னால் சிரித்தேன். மகள் கண்டுவிட்டு, "உங்களுக்கும் புடிச்சிட்டு," என்றாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில், தங்கள் தங்கள் கேமில் கொளுத்தி வைத்திருந்த விளக்குகளை அணைப்பது என்று பேச்சு. அதில் ஒரு பயம் இருந்தது. அந்த கேமில் செய்ததை மாற்றிப் பின்னுக்குப் போக வழியில்லை. அணைத்தால் அணைத்ததுதான். எண்ணெயெல்லாம் போய்விடும், திரும்ப முதலில் இருந்து தேட வேண்டும். இத்தனை பேரும் என் மருமகனின் சொல்லை நம்பி அதற்குத் துணிந்திருந்தார்கள். அவர் என் சொல்லை நம்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு நான் என் கதிரையில் வந்து இருந்தேன். மருமகன் டீவியைப் போட்டார். குரூப் ஆட்கள் ஒவ்வொருவராக ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் வாளியைத் தூக்கித் தண்ணி மொண்டார். முதல் விளக்குக்குக் கிட்டப் போய் நின்றார். அந்த நேரம் புத்தளத்து ஆளின் குரல் வந்தது. அவர் வேலை விஷயமாக ஒரு கிழமை போனைப் பார்க்கவில்லையாம். இப்போதுதான் எல்லாம் வாசித்தாராம்.

"மச்சான், ஒரு நிமிஷம். கடலுக்கு மேல அந்திப்பிறை வராதெண்டு யார் சொன்ன?"

"வராதுதானே," என்றார் மருமகன்.

"எங்கட ஊருக்கு வாங்க. மாசாமாசம் கடலுக்கு மேலதான் பிறை. எங்களுக்குக் கடல் மேற்குலப்பா."

ஒரு ஆள் மெல்லச் சிரித்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நேற்றுவரைக்கும் உம்மாவிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்டேன் என்றவர்களும் சிரித்தார்கள்.

"கொழும்புக்குப் புடவ எடுக்கப் போறீங்கதானே," என்றார் புத்தளத்து ஆள். "காலிமுகத்திடல் கடற்கரையில இஸ்ஸோ வடை தின்னக்குள்ள கண்ண மூடிக்கிட்டா நிண்டீங்க?"

இரண்டு பக்கமும் கடல் உள்ள நாடு இது. நான் கொழும்புக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. கடலை ஜன்னலால் பகலில் பார்த்தேன். பொழுது அதற்குள் போய் விழும் என்று நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. எங்கள் கரைக்காரர் ஒருவருக்காவது அது தோன்றியிருக்க வேண்டுமே? தோன்றவில்லை. கடல் என்றால் கிழக்கு. அப்படியே ஊறிவிட்டது.

நாங்கள் அணைக்கமாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அக்கரைப்பற்று ஆள், மருமகனை இனிப் பெருநாளுக்குப் பிறை பார்க்கும் கொமிட்டியில் சேர்க்கலாம் என்றார். பெருநாளைக் கடலுக்குள் தேடிப் பிடிப்பார் என்றார் இன்னொருவர். இந்த யோசனை எந்தப் பெரிய மண்டைக்குள் வந்தது என்றும் கேட்டார்கள்.

மருமகன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வீட்டில் மாமி சொன்னா என்று சொல்லியிருந்தால் கேலி என் பக்கம் வந்திருக்கும், முகமில்லாத மாமிக்கு என்ன குறைந்துவிடும்? அவர் சொல்லவில்லை. "என்ட பிழதான் மச்சான்," என்றார். அவருடைய காது சிவந்திருந்ததை நான் சீலை விளிம்பால் கண்டேன். வாளியைக் கீழே வைத்தார். டீவியை நிறுத்த ரிமோட்டைத் தேடினார்.

என் மகள் அடுத்த வீட்டுக்குத் தைத்த சட்டை கொடுக்கப் போயிருந்தாள். சொல்லியனுப்ப ஆளில்லை.

"மருமகன்."

சீலையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அதைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் ரிமோட்டோடு அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, என் வெட்கம் அவருக்குத் தெரியும்.

"கொளுத்திப் பாத்தாச்சி," என்றேன். "அணைச்சிப் பாக்கல்லயே. அந்தியோ விடியலோ, ஒருக்கா அணைச்சித்தான் பாருங்களன். மறுகா எண்ணெய் நானும் சேந்து தேடுறன்."

மைக் போட்டபடியே இருந்திருக்கிறது. டீவிக்குள் இருந்த சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"அது யாரு?" என்றது புத்தளத்துக் குரல்.

மருமகன் பதில் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனல்லவா, அந்த வாக்கைக் காத்துக்கொண்டு நின்றார். நான் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"மாமி எண்டு சொல்லுங்க," என்றேன். "பிறையக் கண்டதும் நான்தான் எண்டு சொல்லுங்க."

"மாமி," என்றார் மருமகன் மைக்குக்குள். அவர் குரலில் சிரிப்பு வந்திருந்தது. "எங்கட மாமிதான் கண்டா. இப்ப நாங்க அணைக்கப் போறம்."

வாளியைத் திரும்பவும் தூக்கினார். முதல் விளக்குக்குத் தண்ணியை வீச அது சுர்ரென்று அணைந்தது. இரண்டாவது. மூன்றாவது. இத்தனை மாதப் பாடு ஒவ்வொன்றாகப் புகையாகிப் போனது. தண்ணி முடிந்ததும் நான், "கடலுக்குப் போங்க, கடலுக்குப் போங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது சீலையைத் தாண்டி ஹோலுக்குள் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கையில் பாதி உரித்த உள்ளி இருந்தது. கரை இருண்டுகொண்டே வந்தது. கடைசி விளக்கும் அணைந்தபோது சிவந்த வானமும் அந்தப் பிறையும் மட்டும் மிச்சம். கதவைப் போய்த் தட்டினார்.

திறக்கவில்லை.

நான் கதவைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தேன். வெளிச்சவீட்டின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்குள் கடுகளவு ஒரு வெளிச்சம்.

"மருமகன், மேல. மேல பாருங்க."

அவர் அந்த ஆளின் தலையை மேலே நிமிர்த்தினார். வெளிச்சம் அசைந்தது. யாரோ உள்ளே விளக்கோடு நடப்பதுபோல ஜன்னலின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போனது. பிறகு நின்றது. கீழே இத்தனை விளக்கு எரிந்த காலமெல்லாம் அந்தப் பொட்டு வெளிச்சம் எங்கள் கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கிறது. அல்லது எல்லாம் அணைந்த பிறகுதான் அது வந்ததோ, அதைப் பற்றி இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

டீவிக்குள் ஒரே இரைச்சல். எல்லாரும் வாளியைத் தேடி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் புத்தளத்து ஆளின் குரல் கேட்டது, முன்னைய குரல் இல்லை, குழந்தையுடையதைப் போல ஒரு குரல். "மாமி, எனக்கும் தெரியுது. உள்ளுக்கு ஆள் இரிக்கி."

மகள் வந்து கதவைத் திறந்தபோது நானும் மருமகனும் டீவிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் செருப்பைக் கழற்றாமல் எங்களையே பார்த்தாள்.

"அப்ப எனக்கு இனி வேலையில்லயா?" என்றாள்.

அடுத்த மாதம் பிறை கண்ட அந்தியில் மருமகனின் போனுக்குப் புத்தளத்தில் இருந்து ஒரு படம் வந்தது. மாமிக்குக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தது. அவர் சீலைக்குக் கிட்ட வந்து நின்று, "மாமி, இஞ்ச பாருங்க," என்றார். நான் சீலையை விலக்கிப் போனை வாங்கினேன். சிவந்த வானம், கறுத்த கடல், மேலே பிறை. என் ஆயுளில் முதன்முறையாகக் கடலுக்கு மேலே அந்திப் பிறையைப் பார்த்தேன். சுபஹான அல்லாஹ், எவ்வளவு அழகு. ஆனால் என் கண்ணுக்கு அது விடியலாகவேதான் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாதக் கடைசியில் சுபஹுக்கு முன்னால் அவரை எழுப்பி மேல்மாடிக்குக் கூட்டிப்போய் எங்கள் கடலையும் எங்கள் பழைய பிறையையும் படம் எடுக்கச் செய்தேன். புத்தளத்துக்கு அனுப்பினோம். நல்ல அந்தி என்று பதில் வந்தது.

கதவு இன்னும் திறக்கவில்லை. நேற்று அவர் கடையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. மகள் பக்கத்திலேயே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"மருமகன்," என்றேன், "மேல இரிக்கிறவருக்கு நாம கீழ நிக்கிறது தெரியுமா? கதவுக்கிட்ட இரிக்கிற ஒரு விளக்குக்கு மட்டும் எண்ணெய் தேடிக் கொளுத்திப் போட்டு, கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்களன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.